புத்தரிடம் கேட்கப் போன பிடான்

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு முதுகில் முதல் அடி கொடுத்தவர் அவர்தான். ரயில்வே குவாட்டர்ஸ்காரர்கள், செங்கல் சூளைக்காரர்கள், கோயில் பக்கம் குடியிருந்த சிங்களவர்கள், ஆற்றோரத்து மலாய்க்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'பிடான்'. மலாயில் மருத்துவச்சியை அப்படித்தான் சொல்வார்கள். தமிழர்கள் நாங்கள் அதோடு ஓர் 'அக்கா'வைச் சேர்த்துக்கொண்டோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். கப்பல் டிக்கெட்டுக்காக நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். "என் பேரை வச்சு நீ என்னய்யா கதை அளக்குற?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவாரோ என்ற பயம், அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமான பிறகும் எனக்கு விடவில்லை.

குள்ளமான உருவம். முழங்கை வரை கார்பாலிக் சோப்பு வாசனை. வாயில் சுருட்டு. பிரசவ வீட்டு வாசலில் சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போவார். குழந்தை வெளியே வந்து அழுத பிறகு அதே துண்டைப் பற்றவைப்பார். முதல் பிள்ளைக்காரி என்றால் சுருட்டு வெகுநேரம் காதிலேயே இருக்கும். வாசலில் காத்திருப்பவர்கள் அந்தப் புகையின் வாசனைக்காக மூக்கைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

யாரைக் கண்டாலும் அவருக்கு மரியாதை வராது. திமிர் என்று சொல்ல முடியாது. மரியாதை எங்கே இருந்து வர வேண்டுமோ அந்த இடம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். "பொறக்கறப்ப எல்லாப் பயலும் ஒரே மாதிரி வழுக்கிக்கிட்டுத்தான் வர்றான். நடுவுல எங்கேருந்து வந்துச்சு இந்தக் கோட்டும் தொப்பியும்?" என்பார்.

ஒருமுறை வாசகசாலையில் கூட்டம். சீமைக்குப் போய்ச் சட்டம் படித்துவிட்டு வந்த இருபத்தைந்து வயது இளைஞர், ஒழுக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் எழுந்தது.

"தம்பி, உன்னைத் தலைகீழாப் புடிச்சு ரெண்டு தட்டுத் தட்டுனவ நான். அன்னைக்கு நீ வாயே தொறக்கல. செத்துப் பொறந்துடுச்சோன்னு பயந்துட்டேன். அன்னைக்கு அழாததை எல்லாம் இன்னைக்குச் சேத்துப் பேசித் தீக்குறியா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பாசாரில் பல பேர் அக்காவுக்கு நன்றி சொன்னார்கள்.

நாட்டு மருத்துவச்சிகளைச் சோதிக்க ஒரு வெள்ளைக்கார டாக்டர் அம்மா வந்தார். நான் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவின் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய் என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"எண்ணல. அவங்க எத்தனை பெத்திருக்காங்கன்னு கேளு."

நான் அதை மொழிபெயர்க்காமல் விழுங்கப் பார்த்தேன். டாக்டர் அம்மா விடவில்லை, என்ன சொன்னாள் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாள் பதில் சொன்னார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

"அப்ப உக்காரச் சொல்லு. நான் கொஞ்சம் சொல்லித் தரேன். அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க சொல்லித் தரட்டும்."

அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் அதிசயம். கார்பாலிக் சோப்பு அவர் பழக்கியது. பதிலுக்கு அக்கா என்ன பழக்கினாரோ தெரியாது. அந்த இடத்தில் நான் வாசலுக்கு அனுப்பப்பட்டேன்.

ஆண்களை அளக்க அக்காவிடம் ஒரே ஒரு கோல்தான் இருந்தது. ஒருவர் பெரிய உத்தியோகஸ்தரோ, தர்மவானோ, தினமும் தண்டாயுதபாணியைக் கும்பிடுகிறவரோ, அதெல்லாம் அவர் காதில் ஏறாது. "புள்ள பொறந்தப்ப இந்த ஆளு எங்க இருந்தான்?" அதுதான் கேள்வி. ஊரில் உள்ள அத்தனை தகப்பன்மாரைப் பற்றியும் அந்தக் கணக்கு அவர் மனசில் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஈப்போவில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். குடிகாரன் என்று ஊரே ஒதுக்கிய ஒரு சூளைக்காரன், மழையில் வாசலிலேயே குந்தியிருந்தான். ஆகவே ஸ்டேஷன் மாஸ்டருக்கு நிற்க இடம் கிடையாது. சூளைக்காரனுக்கு எப்போது போனாலும் காப்பி கிடைக்கும்.

நான் பாடாங் திடலில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்சி ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தால் மகன் பிறந்திருக்கிறான். அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டு, "எத்தனை கோலு?" என்றார். நானும் புத்தியில்லாமல், "மூணு" என்றேன். மூன்று நாள் அவனை என் கையில் தரவில்லை. என் மனைவி அதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

இது இப்படியிருக்க, ஒருநாள் காலை கிள்ளானிலிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரர் அக்கா வீட்டைத் தேடி வந்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கிள்ளான் கோயில் மண்டபத்துல ஒரு கிழவர் படுத்துக் கெடக்குறாருங்க. கேரித் தீவுல வேலை செஞ்சவரு, ஒரு கால் போயிருச்சு. உங்க வீட்டுக்காரர்னு சொல்றாரு. ஒரு தடவை வந்து பாக்கச் சொன்னாரு."

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தார். உதறினார். கொடியில் போட்டார்.

"இந்த வீட்ல அப்பிடி யாரும் கெடையாது. காப்பி குடிச்சிட்டுப் போ."

வண்டிக்காரர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்கலாமா என்று வாயெடுத்தேன். "வேலைக்கு நேரமாகல?" என்றார்.

எங்கள் தெருமுனையில் ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிங்களவர் ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் மாத்தையா என்போம், அவருடைய மனைவியை நோனா என்போம். அவர்கள் பேச்சில் ஐயா, அம்மா என்று அர்த்தம். பக்தியான புத்த சமயத்தவர்கள். அவர்களுடைய ஐந்து பிள்ளைகளும் அக்காவின் கைவழியாக வந்தவர்கள். மாத்தையாவும் நோனாவும் புத்த கயாவுக்கு யாத்திரை கிளம்பினார்கள். நோனாவுக்கு முழங்கால் வலி, கூட ஒரு பெண் துணை வேண்டும் என்று அக்காவைக் கேட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக அக்கா முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"கிராணி, அந்தப் புத்தர் யாரு? என்ன செஞ்சாரு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரிய ராஜகுமாரர். அரண்மனை, அழகான மனைவி. உலகத்தில் மூப்பும் நோயும் சாவும் இருப்பதைப் பார்த்து மனசு வெறுத்து, மகன் பிறந்த அன்றே வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்...

"என்னைக்கு?"

"மகன் பிறந்த அன்றைக்கு, அக்கா."

"அன்னைக்கேவா?"

"அப்படித்தான் சொல்றாங்க. ராகுலன்னு பேரு. விலங்குன்னு அர்த்தமாம். பந்தம் ஏற்பட்டுப்போச்சேன்னு அவர் சொன்னாராம், அதையே பேரா வச்சுட்டாங்க."

அக்கா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "பச்சப்புள்ளைக்கு விலங்குன்னு பேரு. வச்சுட்டு இவரு போய் மரத்தடியில உக்காந்துக்கிட்டாரு. அவரைத்தான் நம்ம மாத்தையா தெனமும் பூ வச்சுக் கும்புடுறாரா?"

"அவர் ஞானம் தேடிப் போனாரு, அக்கா."

"ஞானம் எங்க போயிடும்? ஒரு மாசம் கழிச்சுப் போறது." சுருட்டின் சாம்பலைத் தட்டினார். பிறகு, "நான் வரேன்னு நோனாகிட்ட சொல்லிடு. அந்த ஆளை நேர்ல பாத்து ஒண்ணு கேக்கணும்" என்றார்.

எனக்கு லீவு சேர்ந்திருந்தது. வழியில் கல்கத்தாவில் நல்ல பந்தாட்டம் பார்க்கலாம் என்பது என் கணக்கு. மூவருக்கும் இங்கிலீஷ் பேசும் ஆள் ஒருவன் வேண்டும் என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். என் மனைவி, "போய்ட்டு வாங்க, அக்கா பெட்டியத் தூக்கவாவது ஒரு ஆள் வேணும்ல" என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தாள்.

பினாங்கில் கப்பல் ஏறினோம். முதல் இரண்டு நாள் மாத்தையா படுத்த படுக்கையாக மந்திரம் சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டு, "விடு மாத்தையா, ஒண்ணு மந்திரம் வரட்டும், இல்ல சோறு வரட்டும். ரெண்டும் ஒரே வழியில வந்தா எப்பிடி?" என்றார். ரங்கூனில் கப்பல் நின்றபோது மாத்தையாவும் நோனாவும் பெரிய பொற்கோபுரத்தைப் பார்த்து அழுதார்கள். அக்கா பர்மாச் சுருட்டைப் பார்த்துக் கண்கலங்கினார். முழங்கை நீளத்தில் ஒரு கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தது, கப்பல் திரும்பும்போது ஒரே ஒரு தடவை. கல்கத்தாவில் நான்கு நாள் மழை. பந்தாட்டம் நடக்கவில்லை. அக்காவுக்கு அதில் இருந்த திருப்தியை நான் மறக்க மாட்டேன்.

கயா ஸ்டேஷனில் இறங்கியதும் பண்டாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். இறந்தவர்களுக்குப் பிண்டம் வைக்க இந்துக்கள் கயாவுக்கு வருவார்கள் அல்லவா, அதை நடத்திவைக்கும் பூசாரிகள் இவர்கள். ஒருவர் எங்கள் ஜாடையைப் பார்த்தே தமிழில் ஆரம்பித்துவிட்டார். எத்தனையோ ராமேஸ்வரத்து யாத்ரிகர்களிடம் பொறுக்கிய தமிழ்.

"அம்மா, அப்பா இருக்கா, போயாச்சா?"

"போயாச்சு," என்றார் அக்கா.

"புருஷன்?"

அக்கா வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்தார்.

"தெரியாது," என்றார் கடைசியில்.

"எத்தனை வருஷமா பார்க்கலே?"

"முப்பது இருக்கும்."

பண்டாவின் முகம் மலர்ந்தது. "பன்னெண்டு வருஷம் காணலேன்னா போன மாதிரிதான், சாஸ்திரம் இருக்கு. இங்கே ஒரு பிண்டம் வெச்சா தீர்ந்தது. அப்புறம் திரும்பி வர மாட்டார்."

"வரவே மாட்டானா? நிச்சயமா?"

நான் அக்காவின் காதருகில் போய், "அக்கா, ஆள் கிள்ளான்ல உசுரோட இருக்காரு" என்றேன்.

"அது இந்த ஐயருக்குத் தெரியுமா? நீ சும்மா இரு." பண்டாவைப் பார்த்து, "இப்ப ஒருத்தரைப் பாக்கப் போறேன். பாத்துட்டு வந்து சொல்றேன், இங்கயே இரு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. டோங்கா வண்டியில் ஏழு மைலும் எதிரே ஓடிய வெயிலைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுருட்டு அணைந்திருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

புத்த கயாவில் கோயில் வானத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது. திபேத்துக்காரர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து அதைச் சுற்றுகிறார்கள். உள்ளே பெரிய சிலை. அதன் நெற்றியில் யாரோ நாமம் போட்டுப் பட்டுத்துணி சுற்றிவைத்திருந்தார்கள். மாத்தையாவுக்குக் கண்ணீர் வந்தது, நாமத்தைப் பார்த்துக் கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் தடுமாறினார். அக்கா, "இவருக்கும் நெத்தியில பூசி நம்ம ஆளாக்கிட்டாங்களா? சரி, அப்ப தமிழ்லயே கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கோயிலுக்குப் பின்னால் அரசமரம். அதன் அடியில் ஒரு கல்மேடை. அங்கேதான் அவர் உட்கார்ந்திருந்தாராம். யாத்ரிகர்கள் பூவும் விளக்குமாக மண்டியிட்டிருந்தார்கள். அக்கா அவர்களுக்கு நடுவே இடம் பிடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்மேடையைப் பார்த்து வாய்விட்டே பேச ஆரம்பித்தார்.

"உன்னைப் பாக்கத்தான்யா கடல் தாண்டி வந்திருக்கேன். உன் பொண்டாட்டி படுத்துக் கெடந்தா. ரத்தம் நின்னுச்சா நிக்கலையான்னு உனக்குத் தெரியுமா? பால் எறங்குச்சான்னு தெரியுமா? மூப்பு பாத்தியாம், சாவு பாத்தியாம். ஒரு பிரசவம் பாத்தியா நீ?"

மாத்தையா என் கையைப் பிடித்து, "நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்றார். நோனா என்ன செய்வதென்று தெரியாமல் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் இது ஏதோ தமிழ்ப் பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாக விலகி இடம் விட்டார்கள்.

மரத்தின் அந்தப் பக்கத்தில் வயதான ஒரு பிக்கு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். இலங்கைக்காரர், மட்டக்களப்புப் பக்கம் வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, நீங்க கேட்டது முழுக்க எனக்கு விளங்கிச்சு," என்றார் தமிழில்.

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "நல்லதாப் போச்சு. நீங்க அவரு ஆளுதானே? நீங்க சொல்லுங்க."

"அவர் திரும்பி வந்தவர், அம்மா. ஆறேழு வருஷம் கழிச்சு."

"வந்தாரா?" அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதை நீ சொல்லலியே."

எனக்கு அது தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

"ஊரே போய்க் கும்பிட்டது," என்றார் பிக்கு. "பெண்சாதி மட்டும் வெளியில வரல்ல. எனக்கு ஏதும் மதிப்பு இருந்தா அவரே என்னட்ட வரட்டும் எண்டு அறைக்குள்ள இருந்திட்டா. அவர்தான் எழும்பி அவட அறைக்குப் போனவர்."

"சரியாச் செஞ்சா." அக்கா தொடையில் தட்டினார். "அப்புறம்?"

"அவ அவர்ட காலைப் பிடிச்சு அழுதாவாம்."

"ச்சே. அது வரைக்கும் நல்லாத்தானே இருந்தா. சரி, என்ன பேசிக்கிட்டாங்க? அவ கேட்டாளா? ஏன் போனேன்னு கேட்டாளா?"

பிக்கு உதட்டைப் பிதுக்கினார். "அவ என்ன கேட்டா எண்டு ஒருத்தரும் எழுதல்ல, அம்மா. எழுதினது எல்லாம் எங்களைப் போல ஆம்பிளைச் சாமிமார்தானே."

அக்கா சிரித்தார். நெஞ்சிலிருந்து வந்த பெரிய சிரிப்பு. மண்டியிட்டிருந்த இரண்டு பர்மாக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர், எந்த இடத்தில் அது நின்றது என்று தெரியாதபடி நிறுத்தினார். பிறகு அந்தப் பிக்குவிடம், பக்கத்தில் நாங்கள் இருப்பதே மறந்தது போல, சொன்னார்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டம். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. பதினெட்டு, பத்தொன்பது வயசு. காலையில் வலி எடுத்தது. உச்சிவேளைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு புருஷன் வெளியே போனான். வாளி குழாயடியில் கிடந்தது, ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் கூட இருந்தாள், அவளுக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளை பிறந்தது. எட்டு நாள் இருந்தது. தொப்புளில் சீழ் வைத்து ஜன்னி கண்டு போய்விட்டது.

"துருப்புடிச்ச கத்தி. அதைச் சுட்டு அறுக்கணும்னு சொல்ல யாரும் இல்ல. அப்புறமா பிரிக்பீல்ட்ஸ் சூளைக்கு மண்ணு சுமக்க வந்தேன். அங்க ஒரு மலாய்க்காரப் பிடான்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. இவ்ளோதான்னு தெரிஞ்சப்ப எனக்கு அழுகை வரல சாமி. ஆத்திரந்தான் வந்துச்சு. கத்தியச் சுடணும். இவ்ளோதான்."

பிக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளை. சொல்லியிருந்தால் அக்கா எழுந்து போயிருப்பார். வெயில் சாயும் வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது அக்கா மடியிலிருந்து பர்மாச் சுருட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் இரண்டு கையையும் விரித்து, தமக்கு அது ஆகாது என்று காட்டினார். அவரும் சிரித்தார்.

மறுநாள் கயா ஸ்டேஷனில் அந்தப் பண்டா சொன்னபடியே காத்திருந்தார். பிண்டத்துக்கு வேண்டிய மாவும் எள்ளும் தயாராக இருந்தன.

"புருஷன் உசுரோட இருக்கான்," என்றார் அக்கா. "அவனுக்கு வேண்டாம். ஒரு கொழந்தைக்கு வைக்கணும்."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"எத்தனை வயசு?"

"எட்டு நாளு."

பல்லுகூட முளைக்காத குழந்தைக்குச் சாஸ்திரத்தில் பிண்டம் இல்லை என்று பண்டா இழுத்தார். அக்கா பார்த்த பார்வையில் சாஸ்திரம் வளைந்துகொடுத்தது. பண்டா எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். "சரி, பேர் சொல்லு. பேர் இல்லாமே முடியாது."

"பேர் வைக்கல."

"பேர் இல்லேன்னா யாருக்குன்னு நான் கூப்பிடுவேன்? ஏதாவது சொல்லு அம்மா."

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலைத் தோண்டி எடுத்த கலங்கல் தண்ணீர்தான். அக்கா அந்த மணலில் உட்கார்ந்து யோசித்தார். ஊரார் பிள்ளைகளுக்கு எத்தனையோ பெயர் வைத்தவர். கறுத்த பிள்ளைக்கு ஒன்று, கத்துகிற பிள்ளைக்கு ஒன்று என்று வாய்க்கு வந்த பெயரால் கூப்பிட்டே பழக்கிவிடுவார். அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு பெயர் சொன்னார். பண்டா அதை அவர் பாஷையில் கடித்துக் குதறி மூன்று முறை உச்சரித்தார். மூன்று முறையும் அக்கா திருத்தினார்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பி வந்த மறு ஞாயிற்றுக்கிழமை, காலை ரயிலில் அக்காவும் நானும் கிள்ளானுக்குப் போனோம். "நீ வா. நான் அடிச்சுட்டா பிரிச்சுவிட ஆள் வேணும்" என்று கூட்டிப்போனார்.

மண்டபத்தின் ஓரத்தில் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அவர் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. எலும்பும் தோலுமான கிழவர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. அக்கா நின்றுகொண்டே கேட்டார்.

"தண்ணி கொண்டாறேன்னுட்டுப் போனியே. எங்க போன?"

கிழவர் படுத்தபடியே சொன்னார். "நீ போட்ட சத்தம்... கொழாயடி வரைக்கும் கேட்டுச்சு. நீ செத்துப்போயிருவன்னு நெனச்சேன். பயந்துட்டேன். ஓட ஆரம்பிச்சேன். துறைமுகம் வரைக்கும் நிக்கல. அப்புறம் திரும்பி வர மொகம் இல்ல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா கிராணி? ஞானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பயந்துட்டானாம்."

குரலில் கோபத்தைத் தேடினேன். அவ்வளவாக இல்லை. முப்பது வருஷமாக ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்துச் சுமந்தவருக்கு, அது இத்தனை சின்னதாக இருந்ததே என்ற திகைப்புத்தான் தெரிந்தது.

"புள்ள?" என்றார் கிழவர்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷனுக்கு எதுவும் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

"பொட்டப்புள்ள," என்றார். "எட்டு நாள் இருந்தா." பிறகு அந்தப் பெயரைச் சொன்னார்.

கிழவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பண்டாவைப் போலில்லாமல் முதல் தடவையே சரியாக வந்தது. "யாரு சாயலு?" என்று கேட்டார்.

மண்டபத்தில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"மூக்கு உன்னோடது," என்று சொல்லிவிட்டு, அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நாங்கள் திரும்ப வேண்டிய ரயில் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று.

அவரை அக்கா பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்து வரவில்லை. "என் வீட்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தூக்கில் கஞ்சியோடு கிள்ளானுக்குப் போனார். புண்ணைக் கழுவிக் கட்டுவார், அந்த நேரம் முழுக்கத் திட்டுவார். திட்டு மண்டபத்துக்கு வெளியே வரை கேட்கும். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நான்கு மாதம் இருந்தார்.

இறந்த அன்று அக்கா எனக்குச் சொல்லி அனுப்பினார். உடம்பை அவரே குளிப்பாட்டினார். பொம்பளை செய்யக் கூடாது என்று மண்டபத்தில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதோரம், விரலிடுக்கு, தொப்புள் என்று ஓரிடம் விடாமல் கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

சாவைப் பதிய இருவரும் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த கிராணி தமிழர்தான், பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். செத்தவர் பெயர், வயசு, வேலை எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று அக்காவைக் கேட்டார்.

சம்சாரம் என்று எழுதுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினார்.

"எம் பொண்ணோட அப்பான்னு எழுதிக்க," என்றார்.

அப்படி எழுத இடம் இல்லை அம்மா, நீங்கள் யார் என்றுதான் எழுத வேண்டும் என்று கிராணி பொறுமையாக விளக்கினார். பொண்ணு பேர் என்ன, அவர் எங்கே இருக்கிறார் என்றும் கேட்டார். அக்கா பெயரைச் சொன்னார். அந்தக் கிராணி பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், அக்கா சொன்னபடியே எழுதினார்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "அவ பேரு எதுன்னு காட்டு" என்று என்னைக் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். மை காயும் வரை அங்கேயே நின்றார்.